லெட்ஜரை மூடிய நாள்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



"பணியிடத்தில் மாற்றமும் தலைமையும்" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. வேலையில் இருந்த நாளில் இப்படிப்பட்ட தலைப்புகளில் நிறைய பேச்சு கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வைப்பார்கள். அவற்றில் இன்றைக்கும் ஞாபகம் இருப்பது சாப்பாடு மட்டும்தான்.

ஆனால் போன வாரம் லிஃப்டில் சி பிளாக் தம்பி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். ஐடி கம்பெனியில் டீம் லீட். "ஆன்ட்டி, என் டீம்ல பன்னிரண்டு பேர். புதுசா ஒரு ஏஐ டூல் வந்திருக்கு. மூணு மாசத்துல எல்லாரும் அதுக்கு மாறணும்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. ட்ரெயினிங் கொடுத்தாச்சு, மெயில் போட்டாச்சு. யாரும் தொட மாட்டேங்கறாங்க. பேங்க்ல கம்ப்யூட்டர் வந்தப்ப நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

எட்டாவது மாடி வந்துவிட்டது. பதில் சொல்ல நேரம் இல்லை. அந்தப் பதிலை இங்கே சொல்கிறேன். முதல் தடவை நான் சமாளிக்கவில்லை தம்பி. சொதப்பினேன். ஒரு நல்ல மனிதரை அதில் இழந்தேன்.

2000-ஆம் ஆண்டு. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளைக்கு மேனேஜராகப் போனேன். எனக்கு வயது 38, முதல் மேனேஜர் பதவி. கிளையில் 14 பேர்.

வங்கிகளில் கணினி வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய சண்டையெல்லாம் அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது. 1983-லேயே ஊழியர் சங்கங்களோடு இயந்திரமயமாக்கல் ஒப்பந்தம் போட்டார்கள். 1984-ல் டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது. ஆனாலும் எங்களைப் போன்ற சிறிய கிளைகளில் பேனாவும் லெட்ஜரும்தான் ஓடிக்கொண்டிருந்தன. என். விட்டல் தலைவராக இருந்த மத்திய கண்காணிப்பு ஆணையம் ஒரு கெடு வைத்தது. பொதுத்துறை வங்கிகள் 2001 ஜனவரி 1-ஆம் தேதிக்குள் தங்கள் வணிகத்தில் 70 சதவீதத்தைக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கெடுவுக்காக எங்கள் கிளைக்கும் பெட்டிகள் வந்து இறங்கின.

இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு லெட்ஜர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் ஒரு பக்கம். நீங்கள் பணம் போட்டாலும் எடுத்தாலும் கிளார்க் அதைக் கையால் எழுதி, பேலன்ஸ் போடுவார். ஆபீசர் பார்த்து இனிஷியல் வைப்பார். வட்டியும் கைக்கணக்குதான். மாதத்தில் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே கணக்கில் எது குறைந்தபட்ச இருப்போ, அதற்குத்தான் அப்போது வட்டி. தினசரி இருப்புக்கு வட்டி என்பது 2010 ஏப்ரலில்தான் வந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் இதைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். பிறகு எல்லாப் பக்கத்து இருப்புகளையும் கூட்டினால் வரும் தொகை, ஜெனரல் லெட்ஜரில் உள்ள தொகையோடு ஒத்துப்போக வேண்டும். இதற்குப் பெயர் பேலன்சிங். ஒரு ரூபாய் இடித்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும்வரை வீட்டுக்குப் போக முடியாது.

எங்கள் கிளையில் பேலன்சிங்குக்கு ஒரு மன்னர் இருந்தார். சீனியர் கிளார்க், வயது 52, 28 வருட சர்வீஸ். அச்சடித்தது போன்ற கையெழுத்து. வாடிக்கையாளர் வாசல்படி ஏறும்போதே கணக்கு எண்ணைச் சொல்லிவிடுவார். கணக்கு முடிக்கும் சமயத்தில் பக்கத்து ஊர்க் கிளைகளிலிருந்து போன் வரும், "உங்க ஆளை ரெண்டு நாள் அனுப்புங்க" என்று. கிளையில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவர் மேஜைக்குத்தான் போவார்கள். மேனேஜர்கள் மூன்று வருடத்துக்கு ஒருவர் வருவார்கள், போவார்கள். அந்த மேஜை அங்கேயேதான் இருந்தது.

ஜூலை மாதம் ஒரு காலையில், கவுன்ட்டர் திறப்பதற்கு முன், எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து சர்க்குலரைப் படித்தேன். ஐந்து நிமிடம் ஆனது. கடைசியில் சிரித்துக்கொண்டே, "இனிமே லெட்ஜருக்கு வேலை இல்லை" என்று முடித்தேன். நல்ல செய்தி சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். ராத்திரி பத்து மணிவரை கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடுதலை அல்லவா? யாரும் எதுவும் பேசவில்லை. கேள்வி இல்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு செய்ததெல்லாம் வரிசையாகத் தப்பு. பயிற்சிக்கு இருப்பதிலேயே இளையவர்கள் இருவரை அனுப்பினேன், அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள் என்று. நான் கற்றுக்கொள்ளவில்லை, மேனேஜருக்கு எதற்கு என்று. ரெக்கார்டு ரூமைக் காலி செய்து சிஸ்டம் ரூம் ஆக்கினோம். அதற்கு ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 28 வருடம் சர்வீஸ் போட்டவர் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருப்பார். நேற்று வந்த மெஷினுக்கு ஏசி! அன்றைக்கு எனக்கு அது உறுத்தவே இல்லை.

மூன்று மாதம் லெட்ஜரும் கணினியும் சேர்ந்து ஓடின. சீனியர் கிளார்க் தன் வேலையை வழக்கம்போல் சுத்தமாகச் செய்தார். சிஸ்டம் ரூம் பக்கம் மட்டும் வரமாட்டார். கூப்பிட்டால், "கண்ணாடி பவர் மாறியிருக்கு மேடம், மாத்திட்டு வரேன்" என்பார். மண்டல அலுவலகத்திலிருந்து போனில் கேட்டபோது, "எல்லாம் சரியாகப் போகுது சார், ஒரே ஒரு பழைய ஆள்தான், அவர் மாறமாட்டார்" என்று சொன்னேன். என் அறைக்குத் தடுப்பு வெறும் பிளைவுட். அவர் காதில் விழுந்திருக்கும்.

செப்டம்பர் கடைசி, அரையாண்டுக் கணக்கு. கணினி கொடுத்த மொத்தமும் ஜெனரல் லெட்ஜரும் 270 ரூபாய் இடித்தது. பயிற்சிக்குப் போய்வந்த இருவரும் இரவு ஒன்பதரைவரை தேடினார்கள். கிடைக்கவில்லை. அந்தப் பெண் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். சீனியர் கிளார்க் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியவர், சிஸ்டம் ரூம் வாசலில், நிலைப்படிக்கு வெளியே நின்று கேட்டார்.

"எவ்வளவு இடிக்குது?"

"270 சார்."

"ஒன்பதால வகுபடுதா பாரும்மா."

வகுபட்டது.

"அப்போ யாரோ இலக்கத்தை மாத்திப் போட்டிருக்கீங்க. 270-ன்னா மூணு தொண்ணூறு. நூறாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் மூணு வித்தியாசம் இருக்கற பேலன்ஸை மட்டும் பாருங்க. மத்தது வேண்டாம்."

இருபது நிமிடத்தில் கிடைத்தது. லெட்ஜரில் 4,630. கணினியில் 4,360. எண்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பழைய கணக்கர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஏசி ரூமில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார். பியூன்தான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் காலை நான் அவர் மேஜைக்குப் போனேன். வந்து நான்கு மாதத்தில் அதுதான் முதல் தடவை. எதனால் ஒதுங்கியே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே சொல்கிறேன்.

"கம்ப்யூட்டர் வேண்டாம்னு நான் ஒருநாளும் நினைச்சதில்லை மேடம். என் பையனே அதைத்தான் படிக்கிறான். ஆனா இருபத்தெட்டு வருஷமா எல்லாரும் சந்தேகம்னா என்கிட்ட வருவாங்க. இனிமே எந்த பட்டனைத் தட்டணும்னு நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட கேட்கணும். கேட்கலாம், தப்பில்லை. ஆனா அதைப்பத்தி யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. லெட்ஜருக்கு வேலை இல்லைன்னு நீங்க சொன்னப்ப, எனக்கு வேலை இல்லைன்னுதான் கேட்டுது."

நண்பர்களே, வேலையில் இருந்த இத்தனை வருடங்களில் தலைமை பற்றி நான் கேட்ட சிறந்த உரை அதுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது.

அன்றே அவர் மேஜையை சிஸ்டம் ரூமுக்குள் போடச் சொன்னேன். தினமும் மாலை வரும் பிரின்ட்அவுட்டைச் சரிபார்த்து டிக் போடுவது அவர் பொறுப்பு. அவர் டிக் இல்லாமல் நாள் முடியாது. அந்தப் பெண் அவருக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தாள். அவர் அவளுக்கு ஒன்பது கணக்கு சொல்லிக்கொடுத்தார். டிசம்பருக்குள் எங்கள் கிளை தயாராகிவிட்டது.

இதோடு கதை நல்லபடியாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அவர் விண்ணப்பம் கொடுத்துவிட்டார். நான் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். "இல்லை மேடம், ஜூலை மாசமே மனசுல முடிவு பண்ணிட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. 2001 மார்ச் 31-ஆம் தேதி மாலை போட்டுக்கொண்டு போனார்.

நாடு முழுவதும் அந்தத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளை விட்டுப் போனவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அவரவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அதில் எத்தனை பேர், யாரோ ஒரு மேனேஜர் ஐந்து நிமிடத்தில் சர்க்குலர் படித்த காலையில் முடிவெடுத்தவர்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை 2006-ல். சென்னைப் புறநகரில் ஒரு பெரிய கிளை. இப்போது வந்தது கோர் பேங்கிங். அதுவரை ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியாக இருந்த கணக்குகள் எல்லாம் ஒரே டேட்டா சென்டருக்குப் போகின்றன. கணக்கு எண்கள் மாறும், திரைகள் மாறும், வேலைப் பங்கீடும் மாறும்.

இந்தத் தடவை நான்கு விஷயங்களை மாற்றிச் செய்தேன்.

முதலாவது, பயிற்சிக்கு நானே முதலில் போனேன். கிளார்க்குகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் நாள் தேர்வில் கடைசியிலிருந்து மூன்றாவது. கிளைக்கு வந்து அதை எல்லோரிடமும் சொன்னேன். சிரித்தார்கள். ஆனால் அதன் பிறகு "எனக்குப் புரியலை" என்று சொல்ல யாரும் வெட்கப்படவில்லை.

இரண்டாவது, பொதுக் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். "இது வந்தா உங்களுக்கு என்ன போகும்?" என்பது மட்டும்தான் கேள்வி. என்ன கிடைக்கும் என்பதைத்தான் சர்க்குலரே சொல்கிறதே. பியூனின் பதிலை நான் எதிர்பார்க்கவே இல்லை. "மேஜைக்கு மேஜை லெட்ஜரும் வவுச்சரும் தூக்கிட்டுப் போறதுதான் மேடம் என் வேலை. அதெல்லாம் திரையில போயிடும்னா நான் எதுக்கு?" அந்தக் கேள்விக்கு சர்க்குலரில் பதில் இல்லை. கணக்கு எண் மாறிக் குழம்பி வரும் வாடிக்கையாளர்களுக்கு வழிசொல்ல வாசலில் ஒருவர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அதன் பிறகுதான். அவர் அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்தார்.

மூன்றாவது, என்னால் கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்கவில்லை. "யாரையும் டிரான்ஸ்பர் பண்ண மாட்டாங்கல்ல?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் மாலை நாலரை மணிக்கு, அந்த வாரம் எனக்குத் தெரியவந்ததைச் சொல்வேன் என்றேன். சொல்ல எதுவும் இல்லாத வெள்ளிக்கிழமையும் கூடினோம். "இந்த வாரம் செய்தி இல்லை" என்று சொல்லி டீ குடித்துக் கலைந்தோம். வதந்தி பாதியாகக் குறைந்தது.

நான்காவது, மாற்றம் நடந்த திங்கட்கிழமை நான் என் அறையில் உட்காரவில்லை. அன்று காலை பதினொன்றேகாலுக்கு லிங்க் போய்விட்டது. "லிங்க் இல்லை" என்ற சொல்லை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்! ஹாலில் அறுபது பேர். கவுன்ட்டருக்கு முன்னால், வாடிக்கையாளர் பக்கத்தில் நான் நின்றேன். திட்டு எல்லாம் எனக்கு. கவுன்ட்டரில் இருந்தவர்கள் பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக வேலை பார்த்தார்கள். ஒன்றரை மணிநேரம் கழித்து லிங்க் வந்தது.

இதெல்லாம் கேட்க மென்மையாக இருக்கும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாத் தயக்கமும் நியாயமானது அல்ல. தன் நிலுவை வேலை வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து கணினியைத் தள்ளிப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். காது கொடுத்துக் கேட்பது வேறு, தேதியைத் தள்ளிக்கொண்டே போவது வேறு. பழையதையும் புதியதையும் ஆறு மாதம் ஒன்றாக ஓட விட்டால் எல்லோரும் பழையதையே நம்புவார்கள், புதியதன் மேல் குறை மட்டும் சொல்வார்கள். ஒரு நாள் பழைய பதிவேட்டைப் பூட்டித்தான் ஆக வேண்டும். அந்தத் தேதியை முன்பே சொல்லுங்கள். சொன்ன தேதியில் பூட்டுங்கள்.

இப்போது எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். கோர் பேங்கிங் வந்த சில வாரங்களில் நான் காரணமில்லாமல் எரிந்து விழ ஆரம்பித்தேன். "பழைய சாஃப்ட்வேரே தேவலை" என்று நானே புலம்பினேன். பிறகுதான் புரிந்தது. அதுவரை அது "என் கிளை". கணக்கை எப்போது முடிப்பது என்பது என் கையில் இருந்தது. இப்போது அதையெல்லாம் எங்கோ ஒரு மையம் தீர்மானிக்கிறது. என் வாடிக்கையாளர் எந்தக் கிளைக்கு வேண்டுமானாலும் போகலாம். என் மேஜையும் கொஞ்சம் சிறியதாகிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்து அந்த மேஜை எனக்கு உண்மையில் புரிந்தது அன்றைக்குத்தான், ஐந்து வருடம் கழித்து.

வில்லியம் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்கர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாற்றம் வெளியே ஒரு தேதியில் நடந்துவிடுகிறது, மனம் மாறுவது அதற்குப் பிறகு மெதுவாக நடக்கிறது, அதன் முதல் படி எதையோ விட்டு விலகுவது என்பது அவர் கருத்து. ஓய்வு பெறும் தறுவாயில்தான் அவரைப் படித்தேன். முன்பே படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சீனியர் கிளார்க் சொன்னதைவிட அது எனக்குத் தெளிவாக இருந்திருக்குமா என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே தம்பி, உங்கள் டீமில் பன்னிரண்டு பேர் அந்த டூலைத் தொடவில்லை என்றால், இன்னொரு ட்ரெயினிங் போடுவதற்கு முன்னால் யோசியுங்கள். உங்கள் டீமில் எல்லோரும் சந்தேகம் கேட்கப் போகும் மேஜை எது? அவரோடு டீ குடிக்கப் போங்கள். அவருக்கு என்ன போகிறது என்று கேளுங்கள். டூல் தப்பாகப் பதில் கொடுக்கும்போது அதைக் கண்டுபிடிக்கும் கண் யாருக்கு இருக்கிறதோ, அவரிடம் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். யார் வேலை போகும் என்று உங்களுக்கே தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். நீங்களும் அதில் உட்கார்ந்து தடுமாறுங்கள், அவர்கள் பார்க்கும்படி.

கடைசியாக நம் வளாகத்துக்கு வருகிறேன். போன வருடம் கேட்டில் நோட்டை எடுத்துவிட்டு மொபைல் ஆப் கொண்டுவந்தோம். நல்ல காரியம், நானும் ஆதரித்தேன். அங்கே இருக்கும் மூத்த காவலாளி அண்ணனுக்கு நம் எல்லோர் முகமும் தெரியும். யார் வீட்டுக்கு எந்த உறவினர் வருவார் என்பது தெரியும். இப்போது அவர் நம் சொந்தத் தங்கையையே நிறுத்தி ஓடிபி கேட்க வேண்டியிருக்கிறது. நாம் அவரைத் திட்டுகிறோம். ஆப் வாங்க முடிவு செய்த கூட்டத்தில் நான் இருந்தேன். அவரிடம் யாராவது பேசினோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். பேசவில்லை. நானும்தான். இந்தக் கூட்டம் முடிந்ததும் கேட்டுக்குப் போகப்போகிறேன். கூட வருபவர்கள் வரலாம்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஓய்வு பெற்ற சில மாதம் கழித்து அந்த சீனியர் கிளார்க் வாடிக்கையாளராக எங்கள் கிளைக்கு வந்தார். பாஸ்புக்கில் வட்டி அச்சடித்துக் கொடுத்தோம். பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, முழு வட்டியையும் கையால் போட்டுப் பார்த்தார். பிறகு கவுன்ட்டருக்கு வந்து அந்தப் பெண்ணிடம், "சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ்புக்கில் வட்டித் தொகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக் இருந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள்.